ரிவர்ஸில் வந்த சம்பந்தம்

வேங்கிக்கால்,
திங்கட்கிழமை.

சிரஞ்சீவி பவனுக்கு உன் மாமா விருசபதாசன் ஆசீர்வதித்து எழுதுவது. அருகன் அருளால் நானும் உன் அக்கா ஜெயந்திமாலாவும் எங்கள் மகள் அக்ஷயாவும் நலம். நீ அனுப்பி வைத்த பழைய வேன் மட்டும் நலமாக இல்லை.

காலையில் ஒழுங்காக ஓடுகிறது. எஞ்சின் சூடேறிய பிறகு, முன்னே போக 'டி' கியரில் போட்டால் உறுமுகிறதே தவிர நகர்வதில்லை. மெக்கானிக் மூர்த்தியிடம் காட்டினேன். கிளட்ச் பிளேட் போயிருக்கும் என்றார். இது ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்சே கிடையாது என்றேன். குனிந்து பெடல்களைப் பார்த்துவிட்டு, "யாரோ கழட்டிட்டிருக்காங்க சார்" என்றார். பிறகு கியர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, ஆயில் ஜாஸ்தியாகவே இருப்பதாகச் சொன்னார். நீயோ போனில், எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும், நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஜாஸ்தியாகத்தான் காட்டும் என்றாய். அளப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்கு அக்ஷயாவைப் பெண் பார்க்க ஆரணி அப்பாண்டைராஜன் மனைவியோடும் பையனோடும் வந்தார். அவர்களையும் அக்ஷயாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு நம் ஊர்க் கோயிலுக்குப் போய்த் திரும்பினேன். நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டுமே, உன் அக்கா வீட்டில் இலை போட்டுக் காத்திருந்தாள். கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. 'டி'யில் போட்டேன், வெறும் உறுமல். எஞ்சினை ஓடவிட்டுக் குச்சியை உருவினேன். நுனியில் மட்டும் ஆயில், அதுவும் கறுத்து, கருகிய வாடை. அதை அப்பாண்டைராஜனிடம் முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கடைசியாக ரிவர்ஸில் போட்டுப் பார்த்தேன். போனது.

"ரிவர்ஸ்லயே போயிடலாங்களா?" என்று கேட்டேன்.

அவர் மேற்கே பார்த்தார். "போங்க, பொழுது போவுது" என்றார்.

உள்தெரு வழியாக, பையனும் அக்ஷயாவும் இறங்கி ஆட்களை விலக்கிக்கொண்டே நடக்க, நான் கழுத்தைத் திருப்பி வைத்து ஓட்டினேன். பையனின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஓர் ஆட்டோக்காரர், நாங்கள் போகிறோமா வருகிறோமா என்று கேட்டார். வீட்டை அடைந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. உன் அக்கா எவ்வளவோ கெஞ்சியும், தண்ணீர்கூட வேண்டாமென்று கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அக்ஷயா நேராக அறைக்குள் போய்விட்டாள். தம்பி கொடுத்த வண்டியில் கோளாறு இருக்காது, கோளாறு ஓட்டியவரிடம்தான் என்கிறாள் உன் அக்கா. என் கழுத்து இன்னும் நேராகவில்லை.

நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது. நீ உடனே வந்து வேனைக் கொண்டுபோய்விடு. எப்படிக் கொண்டுபோவாய் என்பது உன் பாடு. உன் வீட்டில் எல்லோரும் நோய் நொடியில்லாமல், நடமாட்டத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விருசபதாசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் அப்பாண்டைராஜன் போன் செய்தார். அவர்களுக்குச் சம்மதமாம். வழி விலக்கிக்கொண்டு நடந்தபோதே பையனும் அக்ஷயாவும் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டார்களாம். ஆகவே வண்டியை எடுக்க வராதே, நிச்சயத்துக்கு வா. வரும்போது சரியான கியர் ஆயில் வாங்கி வா. அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிட வராதீங்க, நாங்களே ஆட்டோ புடிச்சி வந்துடறோம்."