விரித்த கையில் மீஹூன்

தஞ்சோங் காராங்

தங்கை குமுதாவுக்கு அண்ணன் நடராஜா எழுதுவது. புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் அருளால் இங்கே எல்லாரும் சுகம், என் ஒருவனைத் தவிர. கோலா குபு பாருவில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். வாட்சாப்பில் எழுதினால் மறுநிமிடம் குடும்பக் குழுவில் போட்டுவிடுவாய். ஆகவே தாள்.

உன்னோடு பள்ளியில் வேலை பார்த்த சியூ டீச்சர் சுங்கை புரோங்கில் குடியேறியிருக்கிறார், மகாயான வழியில் வந்தவர், பக்கத்தில் அவர்கள் கோயில் இல்லை, இனி உங்கள் தேரவாத விகாரைக்குத்தான் வருவார், நல்லபடியாக வரவேற்க வேண்டும் என்று நீதானே போனில் சொன்னாய்? வரவேற்றேன். நடந்ததில் பாதிப் பொறுப்பு உன்னுடையது.

அன்றைக்கு ஞாயிறு. எங்கள் பிக்கு, பந்தே, நண்பகலுக்குள் உண்டு முடித்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. மீஹூன் சேமியாப் பொட்டலம் கொடுக்கும் வேலை பன்னிரண்டு வருடமாக என்னுடையது. கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனேன், கடைசிப் பாயில் டீச்சர் நெற்றி தரையில் பட வணங்கிக்கொண்டிருந்தார், நாம் வணங்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கும், இவருக்கோ இரண்டு கையும் மேலே பார்த்து விரிந்திருந்தன, ஆள் எழுந்திருக்கவும் இல்லை, பாவம் பசி மயக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அந்தக் கையில் ஒரு மீஹூன் பொட்டலத்தை வைத்துவிட்டேன். கோழி மீஹூன். அவர் சைவம்.

எங்கள் செயலாளர் புனிதன் ஓடிவந்தான். "ஐயோ அங்கிள், புத்தர் பாதத்தக் கையில ஏந்துறாங்க லா! அவங்க கும்புடுற முறையே அதுதான். நீங்க மீஹூன வச்சிட்டீங்களே!"

"எனக்கு யார்டா சொன்னா?"

அதோடு நின்றிருக்கலாம். நாற்பது வருடமாகப் பாலி மொழியை நானாகவே படித்தவன், விடுவேனா? எல்லார் முன்னாலும் டீச்சரிடம் மலாயில், இங்கே கையைக் கவிழ்த்துத்தான் வணங்க வேண்டும் என்று உரக்கச் சொன்னேன். அவர் பொட்டலத்தை இரு கையாலும் எடுத்து என் கூடையிலேயே மெதுவாக வைத்து, "மாஃப், அங்கிள்" என்றார். மன்னிப்புக் கேட்டது அவர், குமுதா.

இரண்டு ஞாயிறாக அந்தப் பாய் காலி. நான் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், செயற்குழு சொல்கிறது. முடியாது. வயலோரம் அவர் வீட்டு வாசல்வரை மோட்டாரில் இரண்டு தரம் போனேன், அது காற்று வாங்க. ஹாரன்கூட அடிக்கவில்லை. நீ அவரிடம் சொல்லிவிடு: விதி விதிதான், என் மேல் தவறில்லை, வேண்டுமானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். இனிப் பொட்டலமும் நான் தொடப்போவதில்லை.

மும்மணிகளின் நிழலில் நீங்கள் இருவரும் நீடு வாழ்க.

உன் அண்ணன்
நடராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. யாரும் வருமுன்பே விகாரைக்குப் போனேன். அந்தக் கடைசிப் பாயில் வணங்கி, அதில் என்னதான் இருக்கிறது என்று கையைத் திருப்பிப் பார்த்தேன். முட்டி பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. கிடந்தபடியே, "மாஃப், டீச்சர்" என்று வாய்விட்டுச் சொன்னேன், புத்தரிடம். கையில் சூடாக ஏதோ வந்து உட்கார்ந்தது. தலையைத் தூக்கினால் சியூ டீச்சர். இரண்டு வாரமாகப் புஞ்சாக் ஆலாமில் மகள் வீட்டில் இருந்தாராம், அப்படித்தான் சொல்கிறார். மீஹூன் பொட்டலம். கோழி இல்லை, காளான். மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்லிவிடாதே.