தெக்கியோன் தெருவில் எடுபடுமா?

'உடையும் பொருள்' என்று எழுதியிருந்த பார்சலின் மேல் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்று உட்காரவில்லை, விழுந்த இடத்தில் அதுதான் இருந்தது.

அந்தத் தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிப்பது அவர் வேலை. ஆறு மாதமாகத் தெக்கியோன் கற்கிறார். கொரியாக்காரர்களின் பழைய தற்காப்புக் கலை அது. நடனம் போல அசைந்துகொண்டே இருந்து, எதிராளி எந்தக் காலில் பாரம் வைக்கிறான் என்று பார்த்து, அந்தக் காலைத் தட்டிவிட வேண்டும். இதை அவர் அலுவலகத்தில் சொல்லாத நாளில்லை. அசைவதெல்லாம் சரி, தெருவில் எடுபடுமா என்று முத்திரை குத்தும் அம்மாள் இன்று கேட்டுவிட்டார். எடை போடும் ஒல்லி மனிதரை எதிரே நிறுத்திச் செய்து காட்டப் போய்த்தான் இந்தக் கோலம்.

தரை வழுக்கியது என்றார் எழுத்தர். போன வாரம்தான் சொரசொரப்பான ஓடு பதித்திருந்தார்கள். செருப்பின் குற்றம் என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்திருந்தார். கடைசியில், இந்தக் கலை கனத்த ஆளிடம்தான் எடுபடும், ஒல்லியானவர்களிடம் பலிக்காது என்று சொல்லி வைத்தார்.

ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமுமாக இருந்த தபால்காரர் நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்தில் அவருக்கு 'மலை' என்று பெயர்.

"சனிக்கிழமை மத்தியானம் பின்முற்றத்துல வச்சுக்கலாமா சார்?"

தோற்றால் இனி தெக்கியோன் என்ற பேச்சே இங்கே எழக் கூடாது என்று அம்மாள் நிபந்தனை போட்டார். எழுத்தர் விட்டுக்கொடுக்காமல், நடுவராகத் தன் மாஸ்டரையே கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவிதான் பயிற்சித் துணை. ஆறு மாதமாக அவள் தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், இவர் உதைப்பார். ஒரு நாளும் அவள் ஓர் அடிகூடப் பின்னால் போனதில்லை. பஞ்சு தடிமன் என்று இவர் சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த வாரம் அவள் காலைத் தட்டிப் பார்த்தார். அவள் சுவர் மாதிரி நின்றாள். இவருக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

"நீ விழுந்தாத்தானே எனக்கு ஒரு தைரியம் வரும்?"

"அதுக்கென்ன, விழுந்தாப் போச்சு" என்று அவள் அடுத்த தட்டலுக்குப் பொத்தென்று விழுந்து கொடுத்தாள். அந்தப் பெருமை அவருக்கு இரண்டு நாள் தாங்கியது.

சனிக்கிழமை கட்டைவிரலில் கட்டோடு நொண்டிக்கொண்டே கிளம்பினார். துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு மனைவியும் கூட வந்தாள். தபால் அலுவலகத்தை ஒட்டிய சந்தில் எதிரே வந்த ஒருவன் சட்டென்று அவள் பையைப் பற்றி இழுத்தான்.

எழுத்தர் தயாராக நின்றார். இடம், வலம், பின்னால் என்று அசைந்தார். திருடன் எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறான் என்று தேடினார். இரண்டிலும் இருப்பது போலத் தெரிந்தது. திருடனும் இழுப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இவரை வேடிக்கை பார்த்தான். தன்னால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எழுத்தருக்கே அந்தக் கணம் புரிந்துவிட்டது.

மனைவி பையை விடவில்லை. லேசாக ஓர் அசைவு. அவள் பாதம் கதவைச் சாத்துவது போல அவன் கணுக்காலைத் தொட்டது. திருடன் மல்லாந்து கிடந்தான்.

முற்றத்தில் காத்திருந்தவர்கள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். மலை ஓடி வந்து திருடன் மேல் உட்கார்ந்துகொண்டார். தெருவில் எடுபடத்தான் செய்கிறது என்று முத்திரை அம்மாள் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். எழுத்தரின் வெட்கம் போன இடம் தெரியவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது, கண்கூடக் கலங்கியது.

"எல்லாம் நான் வீட்டுல சொல்லிக்கொடுத்ததுதான்" என்றார்.

மனைவி மறுக்கவில்லை. கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாஸ்டர் வந்தார். பாராட்டை வாங்கிக்கொள்ள எழுத்தர் கையை நீட்டினார். மாஸ்டர் அவரைத் தாண்டிப் போய், அவர் மனைவியின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார்.

"பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால, முதல் நாள் வகுப்புல என்னை விழ வச்ச அதே கால், டீச்சர். இவர் உங்க வீட்டுக்காரர்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"