வழியனுப்பும் படம்

"ஒருத்தராவது அழறாங்களா பாரு!" என்றார் பல் டாக்டர்.

விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு, கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார் அவர். அவருடைய கிளினிக்கில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கண்கலங்குகிறவர்கள் உண்டு. இங்கேயோ, வழியனுப்ப வந்தவர்கள் ஒரு கையால் டாட்டா காட்டி, மறு கையால் ஃபோனைத் தடவிக்கொண்டு, பார்க்கிங் கட்டணம் ஏறுவதற்குள் ஓட்டம் பிடித்தார்கள்.

விமான நிலையமே நடத்தும் புகைப்படப் போட்டி அது. தலைப்பு, 'விமான நிலையத்தில் அன்றாட வாழ்க்கை'. அமெச்சூர்களுக்கு மட்டும். இன்று மாலைதான் கடைசி. கூடத்தின் நடுவிலேயே மேசை போட்டு, கழுத்தில் அட்டை தொங்க, போட்டி அமைப்பாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பலகை: 'உண்மையான தருணங்கள் மட்டும். நடிப்புப் படங்கள் நிராகரிக்கப்படும்.'

டாக்டர் இதுவரை எந்தப் போட்டியிலும் ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. போன தடவை அனுப்பிய சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து, "ஈறு வீங்கின மாதிரி இருக்குங்க" என்று மனைவியே சொல்லிவிட்டாள். அதனால் இந்தத் தடவை பிரிவுத் துயரம் என்று முடிவு செய்திருந்தார். ஒரே ஒரு கண்ணீர்த் துளி போதும்.

"ஏங்க, அதோ ஒருத்தர் தரையைத் துடைச்சுட்டுப் போறாரு. அவரை எடுங்களேன். அதுவும் அன்றாட வாழ்க்கைதானே?" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மனைவி.

"அதை எல்லாரும் எடுப்பாங்க. உனக்குக் கலை தெரியாது, சும்மா இரு."

"சரி, நான் பிஸ்கட் திங்கறேன்."

பக்கத்தில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். படிப்பு முடிந்ததும் ஒரு வாரம் தங்கிப்போக வந்தவன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. டாக்டர் வீட்டுச் சோபாவில் அவன் படுத்த இடம் பள்ளமே விழுந்துவிட்டது. இன்றைக்கு என்னவோ எல்லோருக்கும் முன்னால் எழுந்து, முகம் மழித்து, "நானும் வர்றேன் மாமா" என்று காரில் ஏறிக்கொண்டான்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் இப்போது. "நான் வெளிநாடு போற மாதிரி கிளம்பறேன். அக்கா அழட்டும். நீங்க எடுத்துடுங்க."

டாக்டர் ஓரக்கண்ணால் பலகையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டி வேணுமேடா?"

"கார் டிக்கில இருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துப் போட்டேன்."

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி வைக்காதவன், மாமாவின் கலைக்காக இவ்வளவு யோசித்திருக்கிறானே!

பெட்டி வந்தது. தம்பி எதிரே நின்றான். அக்கா அவனைப் பார்த்ததும் குபீரென்று சிரித்தாள்.

"அழுடி!"

"இவன் மூஞ்சியைப் பார்த்தா எப்படிங்க அழுகை வரும்? பக்கத்துக் கடைக்குப் போகச் சொன்னாலே நாளைக்குப் போறேம்பான். இவன் வெளிநாடு போறானாம்!"

தம்பி சிரிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும். வேளாவேளைக்குச் சாப்பிடு. மாமாவை ரொம்பத் திட்டாதே. நீ எனக்குச் செஞ்சதையெல்லாம் நான் மறக்கவே மாட்டேன்."

அவ்வளவுதான். அவள் உதடு கோணியது, மூக்கு சிவந்தது. அடுத்த நொடி தம்பியின் தோளில் சாய்ந்து, மடை திறந்தாற்போல அழ ஆரம்பித்தாள். டாக்டர் கிளிக்கினார். மண்டி போட்டு ஒன்று, பெஞ்சில் ஏறி ஒன்று. கன்னத்தில் உருண்ட துளியில் கூடத்து விளக்கு மின்னியது. ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை அமைகிற படம்!

"போதும்மா, கிடைச்சாச்சு" என்று கிசுகிசுத்தார்.

அவளால் நிறுத்த முடியவில்லை. அழுகையை வரவழைக்கத்தான் அவர் யோசித்திருந்தார், அடக்க யோசிக்கவில்லை. கூட்டம் கூடியது. ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய குரலும் கொண்ட பயணி அம்மாள் ஒருவர் டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த பிள்ளையை அனுப்பற மாதிரி துடிக்குது இந்தப் பொண்ணு. நீங்க படமா பிடிக்கறீங்க? ஈவு இரக்கம் இருக்கா?"

"நான் அவ வீட்டுக்காரனுங்க."

"அப்படின்னா இன்னும் மோசம்!"

இது நடிப்பு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சத்தம் கேட்டு மேசையிலிருந்து எழுந்து வந்த அமைப்பாளர் அம்மாள், கைக்குட்டையால் கண்ணை ஒற்றியபடி பக்கத்திலேயே நின்றார். டாக்டர் கேமராவை மெதுவாக இறக்கினார்.

"என் மச்சான்... வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறான்."

"எந்த விமானம்?" என்றார் பயணி அம்மாள்.

தம்பிதான் கைகொடுத்தான். அறிவிப்புப் பலகையை நிமிர்ந்து பார்த்து, தயங்காமல் மேலேயிருந்த விமானத்தைச் சொன்னான். என்ன சமயோசிதம்!

"அட, நானும் அதுலதான்! கடைசி நேரத்துல நின்னு அழுதுட்டிருக்கியே, வாப்பா!" என்று அவன் கையைப் பற்றி இழுத்தார் அந்த அம்மாள். தம்பி டாக்டரையும் ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டான். 'பயல் அசத்துறான்' என்று நினைத்துக்கொண்டார் டாக்டர். பெட்டியை உருட்டியபடி இருவரும் பயணிகளுக்கான வாசலில் நுழைந்து மறைந்தார்கள்.

மேசையருகே படத்தைப் பார்த்த அமைப்பாளர் அம்மாள் மறுபடி கண்ணை ஒற்றிக்கொண்டார். "நான் சொல்லக் கூடாது. ஆனா முதல் பரிசுக்கு இதுக்கு மேல ஒரு படம் வரப்போறதில்லை."

டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிதான் முதலில் இறக்கிவிட்டாள்.

"ஏங்க, தம்பி இன்னும் வெளியில வரலையே?"

ஃபோன் போட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வாசலையே பார்த்திருந்தார்கள். வந்தவர் போனவர் எல்லாம் வந்து போனார்கள். அவன் மட்டும் வரவில்லை. டாக்டர் மெதுவாகப் பாதுகாப்பு அதிகாரியிடம் போய், யாருக்காகவோ விசாரிப்பதுபோல் கேட்டார்.

"டிக்கெட் இல்லாம ஒருத்தன் உள்ளே போயிட்டா என்ன சார் செய்வீங்க?"

"பிடிச்சு விசாரிப்போம். அப்புறம் போலீஸ். ஏன் கேக்கறீங்க?"

"ஐயோ என் தம்பி!" என்று மனைவி மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை கேமராவைத் தூக்க டாக்டருக்குக் கை வரவில்லை. ஒரு பக்கம், வாழ்நாளில் வாங்காத பரிசு. மறுபக்கம், சோபாவில் அந்தப் பள்ளம். அது காலியாகாதா என்று எத்தனையோ நாள் ஏங்கியவர்தான். இப்போது, அவனை எங்கேயோ ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து மிரட்டுவார்கள் என்று நினைத்ததும் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க! எல்லாம் என் தப்பு. அவன் எங்கேயும் போகலை. படத்துக்காக நான்தான் நடிக்க வெச்சேன்!"

அதிகாரி பெயரைக் கேட்டுக்கொண்டு வயர்லெஸ்ஸோடு உள்ளே விரைந்தார். மறுபடியும் அழுகைச் சத்தம் கேட்டு வந்து நின்ற அமைப்பாளர் அம்மாளின் முகம் கல்லானது.

"அப்போ அந்தக் கண்ணீரு?"

"நடிப்புங்க."

"அந்தப் படம்?"

"பொய்ங்க."

அவர் கண்ணெதிரிலேயே டாக்டர் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். மண்டி போட்டு எடுத்தது போயிற்று. பெஞ்சில் ஏறி எடுத்தது போயிற்று. விளக்கு மின்னிய கண்ணீர்த் துளியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, அதையும் அழித்தார். கிளினிக்கில் எத்தனையோ கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியவருக்கு அந்த வலி அன்றுதான் தெரிந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பிக்காக இவ்வளவு செஞ்சீங்களேங்க!"

அதற்குள் அதிகாரி திரும்பி வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"டிக்கெட், விசா எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், விமானத்துல ஏறி உட்கார்ந்துட்டாரு, வேலை கிடைச்சுதுன்னு முன்னாடியே சொன்னா அக்கா அழுதே போகவிட மாட்டாங்கன்னுதான் சொல்லாமலே கிளம்பினாராம்!"