நான் ஒன்றும் கேட்கவில்லை, அத்தான்

பாளையங்கோட்டை,
11.3.2025

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய ஆழ்வார்குறிச்சி அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சுவிசேஷமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் யூனிஸும் கர்த்தருடைய கிருபையால் சுகம். எனக்கு மட்டும் மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே நீங்கள் சுகமாக இருக்கவும், அக்காவின் முழங்கால் வலி குறையவும் இந்த லெந்து உபவாச நாட்களில் தினமும் ஜெபிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீங்கள் போன் செய்து, வியாழக்கிழமை கமிட்டியில் கேட்டால் 'நான் ஒன்றும் கேட்கவில்லை' என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிடச் சொன்னீர்கள். கிங்ஸ்லி உங்கள் தம்பி மகன். எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் என்னிடம் சொல்ல, நான் முதலாளியிடம் சொல்ல, டிராக்டர் விற்கிற எங்கள் கம்பெனியில் சேர்ந்தான். இன்றைக்கு எனக்கே மேலாளராக இருக்கிறான், ஆபீசிலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். ஆகவே கவலைப்படாதீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நடந்தது முழுதும் எனக்குத் தெரியவேண்டும், போனில் பேசினால் பதிவாகிவிடும், எழுதி அனுப்பு என்றும் சொன்னீர்கள். அதன்படி எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு மின்னஞ்சலில் ஆரம்பித்தது. டிராக்டர் தயாரிக்கிற பெரிய கம்பெனியிலிருந்து வந்தது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பது பற்றி எல்லா ஊழியரும் ஒரு நாள் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் ஏஜென்சியைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று அதில் இருந்தது. அதைச் சுற்றறிக்கையாக அடித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது ஆபீஸ் சூப்பிரண்டாகிய என் வேலை. முப்பத்தோரு வருட சர்வீஸில், 'துன்புறுத்தலுக்கு' முன்னால் வருகிற அந்த வார்த்தையை நான் எந்தத் தாளிலும் அடித்ததில்லை, அத்தான். பெண்களிடம் அதை எப்படி நீட்டுவது? தாளின் மேல்பாதியை மடித்து, அதன்மேல் ஒரு நாட்காட்டியை வைத்து, கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் காட்டி வாங்கினேன். அதன் பலன் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலையில் தெரிந்தது. எதற்கு வந்திருக்கிறோம் என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. மெக்கானிக் இசக்கிமுருகன் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் என்று நினைத்து, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ராஜராஜேஸ்வரி என்று ஒரு வக்கீல். பெயரைக் கேட்டு வயதான அம்மா என்று நினைத்திருந்தேன். முப்பது வயதுகூட இருக்காது, ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஷோரூமில் இரண்டு பவர் டில்லருக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தோம். பெண்கள் ஆறு பேர் ஒரு பக்கம். ஆண்கள் நாங்கள் இருபத்திரண்டு பேரும், ஏதாவது நடந்தால் ஓடுவதற்கு வசதியாக, வாசல் பக்கம்.

அந்த அம்மாள் எடுத்த எடுப்பிலேயே திரையில் ஒரு பட்டியலைப் போட்டார்கள். தொடுவது மட்டும்தான் தப்பு என்று நான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். பேச்சும் சேருமாம். பார்வை சேருமாம். படம் அனுப்புவதும் சேருமாம். எனக்கு வியர்த்துவிட்டது. நான் தினமும் விடியற்காலை ரோஜாப்பூப் படத்தில் வேத வசனம் எழுதி ஊழியர் அத்தனை பேருக்கும் அனுப்புகிறவன். எழுந்து நின்று அதை ஒப்புக்கொண்டேன். "அது இதுல வராது அண்ணாச்சி, ஆனா ஏழு மணிக்கு முன்னால வேண்டாம்" என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. அவ்வளவு பேர் அவதிப்பட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எழுந்தவன் உட்கார்ந்திருக்கலாம். ஒரு பெண் நன்றாக உடுத்தி வந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்வதும் தப்பா என்று கேட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. இசக்கிமுருகனைக் காட்டி, "இந்த அண்ணனுக்கு எத்தன தடவ அப்படிச் சொல்லியிருக்கிய?" என்று கேட்டார்கள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பதினாறு வருடமாக ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவன் பசியோடு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்கு முன் நாடகம் மாதிரி ஒன்று வைத்தார்கள். பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது 'விடுப்புக் கேட்கும் பெண் ஊழியர்'. பில்லிங்கில் இருக்கிற விஜயஸ்ரீக்கு வந்தது 'மேலாளர்'. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. கிங்ஸ்லியே முதல் வரிசையில் இருந்து போனில் படம் எடுத்தான். விஜயஸ்ரீயை உங்களுக்குத் தெரியாது. ஆறு வருடமாக என் மேஜைக்கு எதிர் மேஜை. கணவர் ஷார்ஜாவில், ஒரு பையன் நான்காம் வகுப்பு. அதிர்ந்து பேசாத பிள்ளை.

அந்தப் பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பேனாவை இரண்டு தடவை அமுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே, கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னது. நான் இல்லாத கதவைச் சாத்தினேன். மறுபடியும் சிரித்தார்கள். பையனுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன்.

"லீவு தாரேன். அதுக்கு முன்ன ஒரு நாள் குத்தாலம் வரைக்கும் என்கூட கார்ல வந்துட்டு வாங்க. மனசு லேசாகும்."

இப்போது சிரிப்பு பாதியாகிவிட்டது. அந்தப் பிள்ளை மேலும் சொன்னது:

"வீட்டுக்காரர் அங்கன, நீங்க இங்கன. தனியாப் படுத்தா தூக்கம் வருதா?"

நான் ஐம்பத்தேழு வயது ஆண்பிள்ளை, அத்தான். சபையில் செயலாளராக இருந்தவன். நாடகம் என்று தெரியும். என் மகள் வயதுப் பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும். ஆனாலும் கையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா, லேசாகச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று அப்போது தெரியவில்லை. சிரித்து முடிக்கும்போதுதான், விஜயஸ்ரீ ஒவ்வொரு தடவையும் மேலாளர் அறையிலிருந்து வெளியே வரும்போது இதே சிரிப்பைத்தான் முகத்தில் வைத்துக்கொண்டு வரும் என்பது ஞாபகம் வந்தது. மேலாளர் தன்மையாக நடத்துகிறார், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறது என்று நான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

வக்கீல் அம்மாள் கையைக் காட்டி நிறுத்தி, இதெல்லாம் சீட்டில் எழுதவில்லையே, எங்கிருந்து சொன்னீர்கள் என்று கேட்டார்கள்.

"மொதல்ல சொன்னது டிசம்பர் ஒம்பதாம் தேதி மேடம். ரெண்டாவது சொன்னது பிப்ரவரி மூணு" என்றது விஜயஸ்ரீ. குரல் உயரவே இல்லை.

யாரும் கிங்ஸ்லியைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் பவர் டில்லரை அப்படி உற்றுப் பார்த்ததிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது கிங்ஸ்லி போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "மாமா, போதும். உக்காருங்க" என்றான். மாமா என்ற அந்த ஒரு வார்த்தையில் இருபத்தேழு பேரும் பவர் டில்லரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். வக்கீல் அம்மாள் தேநீர் இடைவேளை என்று சொன்னார்கள். ரத்தம் எப்போது எடுப்பார்கள் என்று இசக்கிமுருகன் என்னிடம் பைய வந்து கேட்டான். இனிமேல் எடுக்க மாட்டார்கள், போய்ச் சாப்பிடு என்று அனுப்பினேன்.

மறுநாளே விஜயஸ்ரீ எழுத்தில் புகார் கொடுத்துவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவின் மஹ்மூதா பீவிதான் இந்த மாதிரிப் புகாரை விசாரிக்கிற கமிட்டிக்குத் தலைவி. சுவரில் ஒட்டிய பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்றுதான் பாவம் அவர்களும் நான்கு வருடமாக நினைத்திருந்தார்கள். இப்போது சட்டப் புத்தகத்தை வாங்கி, ஃபேன் பெல்ட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கோடு போட்டுப் படிக்கிறார்கள். என் மேஜை மேலாளர் அறை வாசலை ஒட்டி இருப்பதால் என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை கிங்ஸ்லி ஒரு சீப்பு செவ்வாழையோடு வீட்டுக்கு வந்தான். விளையாட்டுக்குப் பேசியதை அந்தப் பிள்ளை பெரிதுபடுத்துகிறது என்று வருத்தப்பட்டான். கடைசியில், "நீங்களும் அங்கனதான மாமா நின்னிய. நீங்க சிரிக்கலையா?" என்று கேட்டான். அது உண்மை.

அதனால்தான் கமிட்டியில் நான் எதைக் கேட்கவில்லை என்பதை உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்குப் பேச்சு மாறக்கூடாது. டிசம்பர் ஒன்பது, திங்கட்கிழமை. விடாத மழை. சேரன்மகாதேவி கிளையின் சர்வீஸ் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அறை வாசலில் நின்றிருந்தேன். மணி பதினொன்றேகால் இருக்கும், டைரியில் குறித்திருக்கிறேன். குற்றாலம் பேச்சை நான் கேட்கவில்லை. விஜயஸ்ரீ லீவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததையும், அன்று முழுதும் பையனுக்குப் பத்துத் தடவை போன் செய்ததையும் நான் பார்க்கவில்லை. பிப்ரவரி மூன்றாம் தேதி அறைக்குள்ளேயே இருந்தேன். தூக்கம் வருதா என்று கேட்டுவிட்டு, கிங்ஸ்லி என் பக்கம் திரும்பி, "என்ன மாமா, நான் கேட்டது சரிதான?" என்றான். அதையும் நான் கேட்கவில்லை. நான் சிரித்தேன். கேட்காமலே சிரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை என்னைத்தான் பார்த்தது. யாராவது ஒருவர் ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தது போல. பிறகு முக்கூடல் கிளைக்கு மாற்றல் கேட்டு என்னிடம் மனுக் கொடுத்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். இப்படி வீட்டைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிற மேலாளர் கிடைப்பது அபூர்வம், கையில் இருப்பதை விட்டுவிட்டுப் போகாதே என்று புத்தி சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். அதையும் நான் சொல்லவில்லை என்றே இருக்கட்டும்.

ஆக, நீங்கள் சொன்னபடியே வியாழக்கிழமை சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் பத்து மாத சர்வீஸ்தான். குடும்பத்துக்குள் ஒரு மனத்தாங்கல் வேண்டாம். அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். முழங்காலை மடக்கி உட்கார வேண்டாம், நாற்காலியில் இருந்து ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்பார் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் எல்லோரையும் அவர் கண்ணின் மணியைப் போலக் காப்பாராக.

உங்கள் சொல் தட்டாத மைத்துனன்,
ம. சுவிசேஷமுத்து

பி.கு. (13.3.2025, வியாழன்): அக்காவுக்கு இரண்டு வரி எழுதவேண்டும் என்று நேற்று ராத்திரி யூனிஸ் இந்தக் கடிதத்தை வாங்கினாள். அடுப்படியில் நின்றுகொண்டே முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். சோறு அடிப்பிடித்துவிட்டது. "ஒண்ணுமே கேக்கலன்னு சொல்லுதிய. பொறவு இது என்னது, ஆறு பக்கம்?" என்று கேட்டாள். நான் குடும்பம் என்றேன், சர்வீஸ் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்து நின்றுவிட்டாளே, அது ஏன் என்று சொன்னாள். முப்பத்திரண்டு வருடத்தில் நேற்றுத்தான் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கும் அறையில் இன்னொருவர் இருந்திருக்கிறார், அவரும் சிரித்தாராம்.

அத்தான், இன்று காலையில் கமிட்டிக்குப் போனேன். ஒரே வார்த்தையாகச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. பைக்குள் இருந்த இந்தக் கடிதத்தை எடுத்து மஹ்மூதா பீவியிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் நிதானமாகப் படித்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். உங்கள் கையில் இருப்பது ஜெராக்ஸ். நான்காம் பக்கம் சரியாக விழவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சிரித்தது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அசலில் தெளிவாக இருக்கிறது.