ஃபார்மட் பண்ணக் கூடாது

“ஃபார்மட் அடிச்சுடலாம்க்கா. அரை மணி நேரத்துல புது விண்டோஸ் ஏத்திக் குடுத்துடறேன்,” என்றான் வேங்கடேசன்.

“கை வச்சுப் பாரு, அப்பறம் தெரியும் சேதி,” என்றாள் இருதயசெல்வி.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் அலுவலகம் அவள் பொறுப்பு. கோயில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு செவ்வாய்க்கிழமை செத்துவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, விடிந்தும் விடியாமல் பஸ் ஏறி, விழுப்புரத்தில் அவன் கடைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றம். திருவிழா நோட்டீஸில் எந்த நாள் எந்தக் குடும்பத்துக்கு, யார் பெயருக்குப் பிறகு யார் பெயர் என்ற வரிசை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. யார் பெயர் முன்னால் என்று வடக்குத்தெருவும் தெற்குத்தெருவும் பதினோரு வருடமாகப் போடும் சண்டைக்கு நடுவே நின்று அவள் கட்டிய வரிசை.

“ஃபைலை மட்டும் உருவித் தரட்டுமா?”

“அது அந்தப் பழைய தமிழ் சாஃப்ட்வேர்லதான் தொறக்கும்.”

“அதோட சிடி?”

“காணாமப் போனதெல்லாம் தேடித் தர்ற அந்தோணியாரே அத்தக் கைவுட்டுட்டாரு. போர்டு மட்டும் புதுசு. உள்ள இருக்கறது அப்படியே வரணும்.”

புது போர்டில் பழைய டிஸ்க்கை மாட்டினான். டிஸ்க்கே இல்லை என்றது கம்ப்யூட்டர். செட்டிங்கைப் பழைய முறைக்கு மாற்றினான். விண்டோஸ் எட்டிப் பார்த்தது. உடனே திரை முழுக்க நீலமாகி அணைந்தது.

“மாதாவுக்குப் புடிச்ச கலருதான். மேல ஆவற வேலயப் பாரு.”

இன்னொன்றை மாற்றினான். இப்போது அணைவதும் எழுவதுமாக ஓயாமல் சுற்ற ஆரம்பித்தது.

“பேஜாரு புடிச்ச கேஸுக்கா. பேசாம ஃபார்—”

“அந்த வார்த்தையச் சொல்லாத! சேஃப் மோடுல போ.”

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“பஸ்ஸுல யூடியூப் பாத்துக்கினுதான வந்தேன்.”

சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பி, அணைத்துப் போட்டான். வந்துவிட்டது! அதே திரை, அதே மாதா படம். செல்வி சிலுவை போட்டுக்கொண்டாள்.

மவுஸ் நகரவில்லை. கீபோர்டும் பேசவில்லை.

“பழைய விண்டோஸுக்குப் புது போர்டோட யுஎஸ்பி தெரியாதுக்கா.”

“அதுக்குத் தெரிஞ்சதக் குடு.”

கடையின் ஓட்டை உடைசல் மூட்டையை அவளே கவிழ்த்தாள். அடியில், சிலந்தியோடு சேர்ந்து, யுஎஸ்பி வருவதற்கு முந்திய காலத்து உருண்டை முனை கீபோர்டு ஒன்று கிடந்தது. மாட்டி, மறுபடி எழுப்பினான். ஒவ்வொரு விசையாகத் தட்டித் தட்டியே சாஃப்ட்வேரைத் திறந்தாள் செல்வி. ஒன்பது நாள், நூற்று நாற்பத்து மூன்று பெயர். ஒரு கொம்பு, ஒரு புள்ளி கலையவில்லை.

“பதினஞ்சு வருசமா கடை வச்சிக்கினு இருக்கேன். ஃபார்மட் ஆவாம இங்கேர்ந்து போற மொதப் பொட்டி இதான்,” என்று கும்பிட்டான் வேங்கடேசன்.

மத்தியானம் கோயில் வாசலில் போரில் வென்றவள் போல ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கோயிலின் எடுபிடி வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சவுரிராயன் கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே! வரிசை பொழச்சிக்கிச்சி! ஒரு பேரு நகரல!”

சவுரிராயன் பிரஷ்ஷைக் கீழே வைத்து, சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெதுவாச் சொல்லு செல்வி; அந்த வரிசை ஒழிஞ்சுதுன்னுதான் காலைல சாமியாரு நன்றிப் பூசை வச்சாரு, ரெண்டு தெருவும் ஒண்ணா வந்து முட்டி போட்டுச்சு.”