லஸ்கர் சாவி மூடிய மதகு

மேட்டூரைத் திறப்பது அரசாங்கமாக இருக்கலாம். குத்தாலம் பக்கம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வருவதும் வராததும் ஒரே ஒரு மனிதரின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் அவர். ஊரே ‘சாவி’ என்றுதான் கூப்பிடும். கல்யாணத்தன்று பட்டுவேட்டிக்குள் மதகுச் சாவி துருத்திக்கொண்டு நின்றதில், மாப்பிள்ளைக்குக் குடலிறக்கமோ என்று பெண் வீட்டார் கலங்கிப்போனார்களாம்.

பாசன அலுவலகத்தில் நான் கிளார்க். அவர் சொல்லும் தண்ணீர்க் கணக்கை ரிஜிஸ்டரில் ஏற்றுவது என் வேலை. யாரிடமும் ஓர் இளநீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். “குடிச்சா அந்த எளநி அளவுக்கு அவன் வயலுக்குத் தண்ணி கூடப் போயிடும் சார்” என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு பகை. எங்கு பார்த்தாலும் குத்தகைத் தகராறு நடந்த காலம். அவருடைய அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தில் விளைந்ததை ஒரு பண்ணையார் ஆள் வைத்து அறுத்துக்கொண்டு, அவரை வெளியேற்றிவிட்டார். அப்பா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பல வருஷம் கழித்து, அந்தப் பண்ணைக்குப் பாயும் மதகே சாவியின் பொறுப்புக்கு வந்தது.

நெல் பால் பிடிக்கும் நேரம் பார்த்து மதகை மூடினார்.

“தொறந்திருக்குன்னு எழுதிக்குங்க சார்” என்றார். தெரிந்தேதான் நானும் எழுதினேன்.

பண்ணையார் தவிப்பதைப் பார்க்க, தினமும் மதகுச் சுவரின் மேல் போய் உட்கார்ந்தார். சோறுகூட அங்கேதான். பண்ணையாரோ ஆயில் என்ஜின் வைத்துக் குளத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்கச் சாவிக்கு வெறி ஏறியது. காய்ந்ததெல்லாம் அதே மதகை நம்பிய கடைமடைச் சின்னக் குத்தகைக்காரர்களின் பயிர்தான். பதராய்ப் போன நெல்லுக்கும் எங்கள் பக்கம் சாவி என்றுதான் பெயர்.

பத்தாம் நாள் அவர்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். சேதி கேட்டு நானும் ஓடினேன். ஓர் அம்மாள் முன்னால் வந்தார்.

“வயலு வெடிச்சுப் போச்சுண்ணே. ஒரு சாண் தொறங்க.”

“பண்ணை காயட்டும். அப்புறம் தொறக்கறேன்.”

“பண்ணைக்கு என்ஜின் இருக்கு. எங்களுக்கு என்னா இருக்கு?”

“எட்டி நின்னு பேசு.”

அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு எட்டி நின்றார். பின்னால் ஒருவர் தோளிலிருந்த மண்வெட்டியை மெதுவாக இறக்கினார்.

“ஒங்கப்பாவும் பண்ணை வாசல்ல இப்புடித்தான்ணே நின்னாரு” என்றார் அந்த அம்மாள். “அன்னிக்கி நானும் அங்கதான் இருந்தேன்.”

சாவியின் முகம் செத்துப்போயிற்று. சுவரிலிருந்து இறங்கினார். இரண்டு முறை குத்தியும் மதகுச் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. அந்த அம்மாள்தான் அவர் கையைப் பிடித்து நுழைத்துவிட்டார். தண்ணீர் ஓடியது. பாதிப் பயிர் பிழைத்தது. அந்த அம்மாளுடையது பிழைக்கவில்லை.

விசாரணை வந்தது. பொய்க் கணக்கு என் கையெழுத்தில் இருந்தது. “கிளார்க் சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சொன்னத எழுதினாரு” என்று சாவி எழுதிக் கொடுத்தார். அவர் வேலை போயிற்று; என் வேலை தப்பியது. அடுத்த போகத்தில் அந்த அம்மாளின் வயலில் கூலி வாங்காமல் நாற்றுப் பறித்தார். அந்த அம்மாளும் அவருக்குக் கஞ்சியை ஊற்றி வரப்பில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அவரைப் பாவி என்று சொன்னவர்கள் உண்டு. நான் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் முத்துப்பேட்டையில் மகள் வீட்டில் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று, லீவுகூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.