ரியாவுக்குப் பிளே ஸ்கூல் தேவையில்லை

பிரேசர் டவுன், பெங்களூரு
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி ஜெயராஜுக்கு அக்கா சொர்ணம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்காலும் உன் சொல் கேட்க ஜெபிக்கிறேன்.

"ஊரே பிள்ளைங்கள பிளே ஸ்கூலுக்கு அனுப்புது, என் பேத்தி மட்டும் என்னாத்துக்கு வீட்ல?" என்று போனில் கத்தினாய். கேள். உன் மகள் மெர்சி திங்கட்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டி வேலைக்குத் திரும்புகிறாள், அதற்குள் ரியாவைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தெருவில் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை ஒன்றுகூடப் பகலில் வீட்டில் இல்லை, அதுவும் உண்மை. பக்கத்து வீட்டுப் பெண் ஐந்து மாதக் கர்ப்பத்திலேயே இடம் பதிவு செய்துவிட்டாள். அதற்காக நாமுமா? நீயும் நானும் தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்ட பிறகுதான் பள்ளிக்கூடம் பார்த்தோம். என்ன கெட்டுப்போனோம்? நீ கணக்கில் கெட்டாய், அது வேறு.

ஆனாலும் நியாயம் பார்த்து, மெர்சியோடு எதிர்வீட்டுப் பிளே ஸ்கூலுக்குப் போனேன். அதை நடத்தும் பாமா ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். முதல் வரியிலேயே ஆங்கிலப் பிழை. கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவால் எட்டுப் பிழை திருத்தி, பத்துக்கு நாலு போட்டு, "பெற்றோர் கையொப்பத்துடன் நாளை கொண்டுவரவும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் மெர்சி அழுதுவிட்டாள். "அத்தே, அவங்க நம்மள இன்டர்வியூ பண்ணணும். நீங்க அவங்கள பெயிலாக்கிட்டு வர்றீங்க! மண்டே நான் என்னா பண்றது?"

"அழாதடி. மண்டேலருந்து நான்தான் ஸ்கூல்."

இன்று மெர்சியை வெளியே அனுப்பிவிட்டு ஒத்திகை பார்த்தேன். ஒன்பதுக்கு ஜெபம்: நான் தொடங்குமுன் ரியா "ஆமென்" என்று முடித்துவிட்டாள். ஒன்பதரைக்கு வருகைப் பதிவு: "ரியா?" என்றேன், "இல்ல" என்றாள். பத்துக்கு நிறங்கள்: மூன்று நிறமும் என் வெள்ளைப் புடவையில் இருக்கின்றன. பதினொன்றுக்கு ஒழுக்கம்: என் கண்ணாடியை ரசத்தில் போட்டுவிட்டு, "தேங்க்யூ மிஸ்" என்றாள். கழுவி மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன், மிளகு கண்ணைக் கரிக்கிறது. ஆனால் மரியாதை வந்துவிட்டது பார், ஒரே நாளில்! ஆகவே பிளே ஸ்கூல் பேச்சை இத்தோடு விடு.

மேரிக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். சபையில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா
சொர்ணம் சாலமன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ரியா என் அறைக் கதவைச் சாத்தி, வெளியே கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். "ரியா, கதவைத் திற" என்றேன். "ப்ளீஸ் சொல்லு" என்றாள். எழுபத்திரண்டு வயதில் மூன்று தரம் சொன்னேன். பிள்ளைக்குப் போடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது. ஜன்னல் வழியே கூவினேன், பாமாதான் ஓடிவந்து திறந்தார். ரியா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கே போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை முதல் சேர்த்தாயிற்று. மெர்சி கேட்டால் எல்லாம் உன் பிடிவாதம் என்று சொல். நான் கடைசிவரை எதிர்த்தேன்.